ஈறு பார்த்த நோட்டு

ஜூன் 7, சனி

மைனரு, மலை மேல் ஒரு மேகம் கூட இல்லை. ஒன்பது மணிக்கே செங்கம் ரோடு கொதிக்கிறது. நேரில் 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டேன், மைனர் என்பது மனசுக்குள்ளேயே இருந்தது. இங்கே எழுதிக்கொள்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

செய்ய வேண்டியது:
கேஸ் புக் பண்ண.
மிக்ஸி ஜார் பிளேடு.
உன் காக்கிச் சட்டை இரண்டு, முனுசாமி அண்ணன் கேட்டார். உன் ஸ்டாண்டில் உனக்கு அடுத்த ஆட்டோ அவர். கொடுத்தால் உபயோகம்தான். மனசில்லை. பிறகு.

கிளினிக்கில் டா.அம்மா ஒரு பெரிய வேலை கொடுத்தார். போன தீபம் முடிந்து, புது முறையில் ஈறு ஓரத்தில் பல் அடைத்த பன்னிரண்டு பேரையும் வரச் சொல்லணும். ஆறு மாசம் ஆச்சு. அடைப்பு நிற்கிறதா, விழுந்ததா என்று பார்த்து, அடுத்த சனிக்கிழமை வேங்கிக்காலில் பல் டாக்டர்கள் கூட்டத்தில் சொல்லப் போகிறார்.

"உங்க நோட்டையும் காட்டப் போறேன் செல்விக்கா."

"நின்னிருந்தா காட்டலாம். விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா ரெண்டு பேரும் சேந்து முழிப்போம்."

அவங்க சிரித்துவிட்டுப் போனாங்க. ஐந்தாவது படித்தவள் கிளினிக்கில் ஈறு பார்த்து எழுதின நோட்டு அது.

அந்த நோட்டிலேயே பன்னிரண்டு கட்டம் போட்டேன். நி என்றால் நிற்கிறது. வி என்றால் விழுந்தது. முதல் கட்டம் உன்னுது. போன் போட்டது பதினோரு பேருக்கு.

ஜூன் 9, திங்கள்

வெயில். கரண்ட் இரண்டு தடவை போச்சு.

அந்த நோட்டே ஒரு தப்பில் ஆரம்பித்ததுதானே. உனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மறுபடி எழுதி வைக்கிறேன், எனக்கு மறக்காமல் இருக்க.

ஈறு ஓரத்தில், பல்லின் கழுத்தில், அடைத்ததெல்லாம் விழுந்துகொண்டே இருந்த சமயம். ஈரத்தில் மருந்து ஒட்டாது. அதனால் டா.அம்மா மாஸ்க் போட்டபடி, "ஒவ்வொருத்தருக்கும் ஈரம் பாத்து எழுதிவைங்கக்கா" என்றார். என் காதில் விழுந்தது 'ஈறு பாத்து'. சரி என்று ஈறைப் பார்த்தேன். ஓரத்தில் பஞ்சு வைத்து எடுத்து, ரத்தம் பட்டிருந்தால் பேருக்கு எதிரில் சிவப்புப் புள்ளி. வெறும் பஞ்சு என்றால் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் ஓடியது.

ஒரு நாள் நோட்டைத் திறந்தார்.

"என்னக்கா இது, அம்மை போட்ட மாதிரி சிவப்பு சிவப்பா?"

"நீங்கதானே ஈறு பாக்கச் சொன்னீங்க."

மாஸ்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணி வருகிற அளவுக்கு. அப்புறம் சிரிப்பு நின்றுபோச்சு. பழைய பைல்களை எடுத்துவரச் சொல்லி ஒவ்வொரு பேராகப் பார்த்தார். விழுந்துவிட்டது என்று திரும்பி வந்தவர்கள் ஏறக்குறைய எல்லார் பேருக்கும் எதிரில் என் சிவப்புப் புள்ளி.

"படிச்சதுதான் அக்கா. கூட்டம் ஜாஸ்தின்னு அவசரத்துல விட்டுட்டேன். இனிமே ரத்தம் வர்ற ஈறு பக்கத்துல அடைக்கிறதில்ல. முதல்ல சுத்தம் பண்ணணும். ரெண்டு வாரம் மெத்துனு விளக்கி, ஈறு ஆறட்டும். அப்புறம்தான் அடைப்பு."

விளக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை எனக்கு. பிளாஸ்டிக் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான், எதிரில் பி.ஏ., எம்.ஏ. எல்லாம் வாயைத் திறந்துகொண்டு.

முதல் ஆள் நீ. உனக்கு ஏற்கனவே இரண்டு தடவை விழுந்திருந்தது. ஸ்டாண்டில் நின்று, "எங்க ஊட்டம்மா ஆஸ்பத்திரி சிமெண்ட்டு டீயில கரையுதுப்பா" என்று எல்லார் முன்னாலும் சொன்னாயே. நீ ஆட்டோ டயர் தேய்க்கிற மாதிரி பல் தேய்த்தால் எது நிற்கும்?

இன்று வந்தவர்கள் நாலு பேர். பூக்கடை வள்ளியம்மா முதலில்.

"ரெண்டு வாரம் காக்க வச்சியே, அடைக்கத் தெரியாம ஏமாத்துறாங்களோன்னு நெனச்சேன்டி. இந்தப் பல்லாலதான் நார் கடிச்சு அறுக்கறேன். அசையல பாரு."

நி. நி. நி. நி.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசை.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்தே கிளினிக் போய்ச் சேர்ந்தேன். "எம்மா, மலை இந்தப் பக்கம்" என்று ஒரு ஆள் எனக்கு வழி சொன்னார்.

ஒருவர்தான் வந்தார், கலெக்டர் ஆபீஸ் கிளார்க் சார். வாயைத் திறந்ததுமே தெரிந்தது. பள்ளம்.

"சார், நான் குடுத்த பிரஷ்ஷா போடுறீங்க?"

"அதுல விளக்குன மாதிரியே இல்லீங்க. ஊட்ல துணி பிரஷ் மாதிரி ஒண்ணு இருந்துச்சு..."

"எத்தினி நாளா?"

"நீங்க குடுத்த மறுநாள்ல இருந்து."

டா.அம்மா திரும்பி நின்றுகொண்டார், சிரிப்பை அடக்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வி. பெரிதாக எழுதினேன். மறைக்கக் கூடாது.

இனி ஆறு பேர். அவர்களுக்கும் விழுந்திருந்தால்? கால் வலி.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் நாலு தூறல். மண் வாசனையோடு சரி.

நேற்று மூன்று, இன்று மூன்று. எல்லாம் நி! கடைசியாக வந்தது லாட்ஜ் சமையல்காரர். டா.அம்மா முனை வளைந்த குச்சியால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார், ஒரு தடவை, இரண்டு தடவை. "எங்க பல்லு முடியுது, எங்க மருந்து ஆரம்பிக்குதுன்னே தெரியல அக்கா" என்றார். பதினொன்றில் பத்து! முன்பெல்லாம் ஆறு மாசத்தில் பாதி கூட மிஞ்சாது. கையைக் கழுவிக்கொண்டே அழுதேன். நல்ல அழுகைதான்.

அப்புறம் அவர் கட்டங்களைப் பார்த்தார்.

"முதல் கட்டத்தை அடிச்சுடலாமா அக்கா? கேட்டா பதில் சொல்லணும்."

"அடிக்காதீங்கம்மா. அவருதான் முதல் ஆளு."

"சரி. அடிக்கல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரியும். ரெண்டு வாரம் கண்ணாடி முன் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி வட்டம் வட்டமாக விளக்கினாய். இடது பக்கம் மேலே, கோரைப் பல்லுக்கு அடுத்தது. அடைத்த பிறகு ஸ்டாண்டில் எல்லாருக்கும் உதட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினாயாம். "இது எங்க ஊட்டம்மா கண்டுபுடிச்ச முறை, காசு குடுத்தாலும் கெடைக்காது."

பொங்கல் முடிந்த வாரம். மீதிக் கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டு நாக்கால் துழாவினாய்.

"செல்வி, என்னமோ சொரசொரன்னு கீது. பாரேன்."

"நாள் பூரா வாய்தான் பாக்கறேன், ஊட்லயுமா? நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க."

மறுநாள் பதினோரு மணிக்கு முனுசாமி அண்ணன் வந்தார். ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்றார்.

ஜூன் 14, சனி

காற்று. மாம்பழ நிறப் புடவை, நீ எடுத்துக் கொடுத்தது. முதல் தடவையாக வெளியே கட்டினேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

ஓட்டலில் ஏ.சி. ஹால். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். டா.அம்மா இங்கிலீஷும் தமிழுமாகப் பேசினார். திடீரென்று திரையில் என் நோட்டு! என் கோணல் எழுத்து, வீட்டுச் சுவர் அளவுக்கு. சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றும் தட்டு மாதிரி. 'ஈறு' என்பதை 'ஈரு' என்று எழுதியிருக்கிறேன். அதுவும் தெரிந்தது. அடுத்து, பன்னிரண்டு கட்டம் போட்ட பக்கம்.

தலை நரைத்த டாக்டர் ஒருவர் கேட்டார், "இதை எழுதணும்னு யாருக்குங்க தோணுச்சு?"

"எங்க செல்விக்கா. நான் ஈரம்னு சொன்னேன், அவங்க ஈறுன்னு கேட்டுட்டாங்க. அவங்க கேட்டதுதான் சரி."

ஹாலே சிரித்தது. அப்புறம் கை தட்டினார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

அந்த நரைத்தவர் விடவில்லை. "பன்னெண்டு கட்டம் இருக்கு, முதல் கட்டம் ஏன் காலி?"

டா.அம்மா என்னைப் பார்த்தார். "அந்த முதல் ஆளால வர முடியல சார்" என்றார்.

சாப்பாடு நல்லா இருந்தது. இரண்டு ஸ்வீட். ஒன்றை டிஷ்யூவில் மடித்து எடுத்துவந்தேன், பழக்கத்தில்.

முனுசாமி அண்ணன் ஆட்டோவில் திரும்பினேன். கதை கேட்டுவிட்டு, "உன் ஊட்டுக்காரன் இருந்தா இன்னிக்கு ஸ்டாண்டுல ஒருத்தனும் சவாரி போயிருக்க முடியாதும்மா, உக்கார வச்சு சொல்லிகினே இருந்திருப்பான்" என்றார். காக்கிச் சட்டை இரண்டையும் கொடுத்துவிட்டேன். பட்டனெல்லாம் தைத்து.

இப்போது நோட்டு எதிரில். பதினோரு கட்டத்தில் எழுத்து, ஒன்றில் இல்லை.

ஊரார் வாயெல்லாம் லைட் அடித்துப் பார்க்கிறவள் நான். அன்று உனக்கு வாய்க்கரிசி போடும்போது வாய் லேசாகத் திறந்துதான் இருந்தது. விரல் கூட உதட்டில் பட்டது. கொஞ்சம் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொரசொரன்னு இருந்தது கரும்புச் சக்கையா, இல்லை நம்ம அடைப்பா? நி-யா, வி-யா, மைனரு?