ரெண்டு பேருக்கு அளந்த சோலார்

அன்புள்ள என்னங்க,

காலமெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டேன், கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

நம் ரேவதி வந்துவிட்டாள். நீங்கள் கண்ணை மூடிய மறுவருஷமே, அந்த மனுஷனோடு இனி முடியாது என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்கே வந்துவிட்டாள். மாடி அறையில் பெரிய கரண்ட் அடுப்பு வைத்து கேக் செய்கிறாள். செம்பாக்கம் வரைக்கும் ஆர்டர், கரண்ட் ஸ்கூட்டரில் அவளே கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

இதற்கெல்லாம் நம் மொட்டைமாடி சோலார் எந்த மூலைக்கு? பில் வரும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கிவிடுகிறது. நேற்று, "என்னால உனக்குத்தாம்மா கஷ்டம். பம்மல் பக்கம் ஒரு ரூம் பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள். சொந்த வீட்டை விட்டு, என் பெண்! எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்?

சோலாருக்கு அனுமதி கேட்டு கரண்ட் ஆபீஸில் போய் உட்கார்ந்தோமே, நினைவிருக்கிறதா?

"வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி.

"ரெண்டே பேர்தான் சார்" என்றீர்கள், ஏதோ தப்பு செய்தவர் போல.

"வயசானவங்க ரெண்டு பேருக்கு எதுக்கு சார் இவ்ளோ? போன வருஷ பில்லைப் பாருங்க. பாதி போதும்."

நான் விட்டேனா? "நாளைக்குப் பொண்ணு வந்து இருந்தா?" என்றேன். "வர்றப்போ பாத்துக்கலாம்மா" என்று சிரித்தார். நீங்கள் என் முழங்கையைத் தட்டி அடக்கினீர்கள். பாதிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

உங்கள் மேலும் கோபம்தான். ஃபேனைக்கூட யோசித்து யோசித்துப் போட்ட மனிதர் நீங்கள். அந்தச் சிக்கனத்தையே காட்டி நம்மை மடக்கினார்கள். வாயைத் திறந்தீர்களா?

போன வாரம், இதோ பொண்ணு வந்தாச்சு என்று போய் நின்றேன். இப்போது அங்கே வேறொருவர். "இந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் மத்த வீட்டு சோலார்லயே நெறைஞ்சிடுச்சு, இதுக்கு மேல சேக்க முடியாது மேடம். மொதல்லயே பெருசாக் கேட்டிருக்கணும்" என்றார்.

கேட்டோமே! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காலி மனையெல்லாம் அடுக்குமாடியாகிறது. வீட்டுக்கு வீடு ஏசி, வாசலுக்கு வாசல் கரண்ட் வண்டி. இதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாதா? போன வருஷத்து பில்லைப் பார்த்துவிட்டு வரப்போகிற வருஷங்களுக்கு அனுமதி கொடுப்பது என்ன நியாயம்? வயசாகிவிட்டால் நமக்கு நாளை என்று ஒன்று கிடையாதா?

நீங்கள் போனதும், அவர்கள் நினைத்தது சரிதானோ என்று தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். சரியில்லை. இப்போது இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம்.

ரேவதியை எங்கேயும் அனுப்ப மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கேட்டுத் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குகிறேன். திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு அதே ஆபீஸுக்குப் போகிறேன். எத்தனை பேர் என்று கேட்கட்டும். "இனிமே வரப்போறவங்களையும் சேத்து எழுதுங்க சார்" என்று சத்தமாகவே சொல்வேன்.

இந்தத் தடவை என் முழங்கையைத் தட்ட நீங்கள் இல்லை.

உங்கள் மனைவி,
ரேவதியின் அம்மா