வினாடிக்கு இருபத்தொன்று

அக்டோபர் 6, திங்கள்

இருபத்தொன்று. திரையில் வினாடிக்கு இருபத்தொரு படம். இதை வைத்துக்கொண்டு எவளால் சுட முடியும்? எதிராளி கதவோரம் தலையை நீட்டுகிறாள். நான் பார்ப்பதற்குள் என்னைக் கொன்றுவிட்டு அடுத்த அறைக்கே போய்விடுகிறாள். தேஜஸ்ரீ மைக்கில் கத்தினாள்: "கனிஷ்கா, இருக்கறயா, தூங்கிட்டயா?"

அவள்தான் எங்கள் கேப்டன். இருபத்தாறாம் தேதி ஆட வைத்துப் பார்த்து, சென்னையில் நடக்கும் வீடியோ கேம் போட்டிக்கு ஏழு பேரில் ஐந்து பேரை எடுக்கப் போகிறாள். இப்போதைக்கு நான் ஏழாவது.

பத்து நாள் முன்னால் ஐம்பத்திரண்டு வந்ததே! சிங்காநல்லூர் இஸ்மத் அக்காவின் ரிப்பேர் கடையில் லேப்டாப்புக்கு இரண்டாவது ரேம் போட்டதும் வந்தது. பூஜை லீவுக்குக் காரமடை சித்தி வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்து திறந்தால் இந்த லட்சணம்.

அக்டோபர் 7

என் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசசருக்குள்ளேயே இருப்பதுதான். நானா தேர்ந்தெடுத்தேன்? அப்பா வாங்கினார். தம்பி மிதுனுக்குக் கார்டு போட்டது, செங்கல் கனம். எனக்கு? "பொம்பளப் புள்ளைக்கு வெயிட்டில்லாம பாத்து வாங்கியிருக்கறன் அம்மணி." ஊதாக் கலர் வேறு. நான் கலர் கேட்டேனா?

மிதுன் அதைப் பெங்களூருக்கு எடுத்துப்போய்க் கிரிக்கெட் பார்க்கிறான்.

அக்டோபர் 9

ரெசல்யூஷனை 720க்கு இறக்கினேன். நிழல் வேண்டாம், புல் வேண்டாம், தண்ணீரில் பிம்பம் வேண்டாம். எதிராளிகள் இப்போது களிமண் பொம்மைகள். டிரைவரைப் புதுப்பித்தேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த அத்தனையையும் மூடினேன். சார்ஜர் செருகியே இருக்கிறது.

இருபத்தாறு. மூன்று நாள் உழைப்புக்கு ஐந்து படம் கூடியிருக்கிறது.

அக்டோபர் 10

இன்று இருபத்திரண்டு. போய்த் தொலை.

அக்டோபர் 12, ஞாயிறு

மயில்சாமி மாமா வந்திருந்தார். "புள்ள என்னங்க மாப்ள பண்ணுது?" என்று கேட்டார். அப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "ஊட்லதான் இருக்குதுங்க" என்றார்.

ஊட்லதான் இருக்குது! தினம் ஆறு மணி நேரம் பழகுகிறேன், மணிக்கட்டு வீங்கி எண்ணெய் தேய்க்கிறேன், அதுக்குப் பேரு ஊட்ல இருக்கறதா? லேத் பட்டறையில் அவர் நின்றால் வேலை. நான் உட்கார்ந்தால் சும்மா. மாமாவுக்கு முறுக்கு எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அக்டோபர் 14

தேஜஸ்ரீ போன் செய்தாள். "உன்னயக் குத்தம் சொல்லல கனி. ஆனா நீ இருந்தாலும் நாங்க நாலு பேர் ஆடறாப்லதான் இருக்குது. சரி பண்ணீட்டு வா. இல்லைன்னா வேற வழியில்ல."

ஒன்று கவனித்தேன். முதல் ஐந்து நிமிடம் ஐம்பது வருகிறது. அப்புறம் விழுகிறது. இஸ்மத் அக்கா போட்ட ரேம் டூப்ளிகேட். சந்தேகமே இல்லை. நாளைக்கு இருக்கு அவங்களுக்கு.

அக்டோபர் 15

கடையில் நான்கு பேர் நிற்கும்போதே கத்தினேன். "ஏனுங்க்கா, என்ன ரேமுங்க போட்டீங்க?" இஸ்மத் அக்கா லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்குரூவைக் கழற்றினார். பின்னால் சூடான காற்று வெளியே போகும் தகட்டில், வரிக்கு வரி, மஞ்சளாகக் காய்ந்து அடைத்திருந்தது. ஃபேனில் சிவப்புத் தூள்.

"ரேம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. இது சந்தனம். இது குங்குமம். காத்துப் போக வழியில்லைன்னா சூடேறி, அதுவே வேகத்தக் குறைச்சுக்கும். ஆயுத பூஜை முடிஞ்சதுல இருந்து இது ஏழாவது லேப்டாப்பு. ஒன்னுல பொரியே கெடந்துது."

நான்கு பேரும் சிரித்தார்கள். ஊரிலிருந்து வந்த அன்று மூடியில் இருந்த பொட்டைத் துடைத்தேன்தான். பின்பக்கம் யார் பார்த்தது? மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"என்ற லேப்டாப்புக்கு யாருங்கப்பா சந்தனம் வெச்சது?"

அப்பா லேத்தை நிறுத்திவிட்டு, "நாந்தான் அம்மணி" என்றார். "லேத்து, ட்ரில்லிங், கிரைண்டர் எல்லாத்துக்கும் வெச்சேன். உன்ற மிஷினுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லாருக்குமா? பட்டறைக்கே எடுத்துட்டு வந்து வெச்சேன்."

"மிதுனும் லீவுக்கு வந்திருந்தான்ல? அவனுதுக்கும் வெச்சீங்களா?"

"அவனுதுக்கு எதுக்கு? அவன் அதுல படமில்ல பாக்கறான். நீ வேலையில்ல செய்யற."

"ஓட்டையில வெக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 16

இன்னும் கோபம் போகவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லியிருக்கலாமே. வாயால் சொல்ல வேண்டியதை என் ஃபேனுக்குள்ளா கொண்டுபோய்ச் சொல்வார்கள்? ஒன்றும் விளங்கவில்லை. கோபத்தை யார் மேல் வைப்பது என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் இஸ்மத் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். லேப்டாப் தயார். ஐம்பத்தெட்டு. அரை மணி நேரம் ஆடியும் இறங்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

மூன்று ஆட்டம். கடைசி வரை ஐம்பத்தெட்டு. கதவோரம் தலை நீண்டதும் தெளிவாகத் தெரிந்தது, சுட்டேன், படவில்லை. மறுபடி சுட்டேன். படவில்லை. ஏழு பேரில் நான் ஆறாவது.

தேஜஸ்ரீ பெயர்களை வாசித்தபோது, லேப்டாப் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இத்தனை நாள் நான் நல்லா ஆடுறவ, மெஷின்தான் மோசம்னு நெனச்சுட்டு இருந்தேனே.

அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டார்: "மிஷின் ஒழுங்கா ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சுங்கப்பா. நாந்தான் சரியில்ல."

"செரி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அக்டோபர் 27

காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரை கேமுக்குள் சுவரில் புள்ளி வைத்துச் சுடுகிற பயிற்சி மட்டும். நூற்றுக்கு நாற்பத்தொன்று பட்டது.