உலைக்காரன் வயிற்றுக் கொப்புளம்

சேரப்பணஞ்சேரிச் சமஸ்தானத்து மகாராணியே, என் அக்கா மகளே,

என் குடல் புற்றுக்கு மருந்து ஏற்றும்போதே வயிற்றின்மேல் கருவி வைத்துச் சூடும் கொடுத்தால் கட்டி வளர்வது மட்டுப்படலாம் என்றார் பட்டணத்து டாக்டர். "சுட்டா உடனே சொல்லணும்" என்றும் கெஞ்சினார். மறைமலை நகர் உலையில் மலைமலையாக இரும்பை வேகவைத்த மாவீரன் சொல்வேனா? "இன்னா டாக்டரே, இதெல்லாம் ஒரு சூடா? இதுல காபிகூட ஆறிப்பூடும்!" என்றேன்.

வயிற்றில் கொப்புளம் கிளம்பிவிட்டது. வைத்தியம் நின்றது. "கூட இருந்து என்னம்மா பார்த்தே?" என்று அவர் உன்னைத்தான் திட்டினார். நீ அழுதுகொண்டே ஊருக்குப் போனாய். நானோ தூங்குவதுபோல் கிடந்தேன்.

இன்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். புண் ஆறியதும் மறுபடி தொடங்குவாராம். வந்துவிடு, கண்ணு. இனி லேசாகச் சுட்டாலும் நான் போடும் கூச்சலில் நம்மூர் ஏரி மீனெல்லாம் கரையேறி ஓடும்.

உன் சவடால் மாமா