அம்மாவின் டிரிப் ஷீட்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறைத் தோழிகளுக்கும் வேண்டாம், வார்டனுக்கும் வேண்டாம். படித்து முடித்ததும் முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடு. முதல் தாளை ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்பது அதைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அவசரப்பட்டு இப்போதே திருப்பாதே. நான் சொல்லி முடிக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தையல் அத்தை உன் சீருடையைத் தைத்து முடித்துவிட்டார்கள். விடிகாலை முதல் பஸ்ஸில் உன் ஊர்ப்பக்கம் போகிறார்கள். சீருடைப் பையைக் கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கடிதம் மேல்சட்டைப் பாக்கெட்டில் இருக்கும். எட்டு மணிக்கெல்லாம் உன் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பதினொரு மணிக்கு அப்பா புது வீட்டுக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். இடையில் மூன்று மணி நேரம் இருக்கிறது.

போனில் சொல்ல வழியில்லை. இரண்டு அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது? அதனால்தான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன். வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். தாள் சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறேன். அப்பா இன்னும் தூங்கவில்லை. முன்னறையில் நாளைக்கான ஃபைலை அடுக்குகிறார். நம் வீட்டுப் பழக்கம் எதுவும் மாறவில்லை. கதவில் இரண்டு தட்டு தட்டினால் ரைட், மெதுவாக வா என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் வண்டியை நிறுத்து, உடனே வெளியே வா. கொஞ்ச நேரம் முன்பு இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

புது வீட்டைப் பற்றி அப்பா உன்னிடம் போனில் நிறையச் சொல்லியிருப்பார். குடியிருப்பின் பெரிய வாசலோடு வண்டிகள் நின்றுவிடும், உள்ளே நடையும் சைக்கிளும்தான், கடை நாலு நிமிஷம், பள்ளிக்கூடம் ஆறு நிமிஷம், டாக்டர் ஏழு நிமிஷம். எல்லாம் உண்மைதான். அப்பா பிடித்து வைத்திருப்பது கடைசி வரிசையில், குளத்தை ஒட்டிய வீடு. அங்கே நின்றால் ஹாரன் சத்தம் துளிகூடக் கேட்காது. முதல் நாள் அந்த வீட்டு வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா இந்தக் காலு பிரேக்கையும் கிளட்ச்சையும் தவிர எதையும் மிதிச்சதில்ல. இனிமேயாவது தரைய மிதிக்கட்டும்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆனாலும் அப்பா அப்பாதானே. அங்கே அலுவலகத்தில் கொடுத்த வண்ணத் தாளில் "எல்லாம் பத்து நிமிட நடையில்" என்று போட்டிருந்தது. "யாரோட பத்து நிமிஷம்? காகிதத்துல போட்ட டைமிங்கை நம்பி எவனாவது வண்டி எடுப்பானா" என்று கேட்டுவிட்டு, அந்த அலுவலகப் பெண்ணின் முகத்துக்கு நேரே அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். புது ரூட் வந்தால் முதலில் ஒரு சோதனை ஓட்டம் விடுவார்கள் இல்லையா, அதே போல வீட்டில் ஆளுக்கொரு சோதனை நடை. டெப்போவிலிருந்து பழைய டிரிப் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். புறப்பட்ட நேரம், நின்ற இடம், நின்ற நிமிஷம், சேர்ந்த நேரம், கீழே கண்டக்டர் கையெழுத்து. நிஜமாக எந்த நேரத்துக்குக் கிளம்புவோமோ அந்த நேரத்துக்கே நடக்க வேண்டும், நிஜமாகத் தூக்கும் சுமையைத் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டும். காலி வண்டி ஓட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாதாம்.

என் நடையை அப்பாவே நேரம் பிடித்தார். ஆறு நிமிஷம், ஒரு சாலைகூடக் கடக்க வேண்டாம். அவர் வீட்டிலிருந்து பெரிய வாசல் வரை நடந்தது பதினொரு நிமிஷம். அம்மா நடக்க வேண்டிய நாளில் அவருக்கு டூட்டி. அதனால் என் கையில் அவருடைய கடிகாரத்தைக் கட்டிவிட்டு, "இன்னைக்கு நீதான் கண்டக்டர். உங்கம்மா பேசியே மயக்கிடுவா, மயங்கிடாத" என்றார். அம்மாவும் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் பெயரே கண்டக்டர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு அந்தப் பூட்டிய வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். அம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்துக்குப் போகும் பஸ் பெரிய வாசலில் ஐந்து முப்பத்தைந்துக்கு. அரை மணி நேரம் இருக்கிறதே, பத்து நிமிஷம் நின்று வேடிக்கை பார்க்கலாம் என்றுகூட நான் நினைத்தேன். அம்மா தோளில் தினமும் கொண்டுபோகும் பை, சாப்பாட்டு டப்பா, இரண்டு தண்ணீர் பாட்டில், மாற்றுச் செருப்பு.

முதல் பெஞ்சு வந்ததும் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது என்று உட்கார்ந்தாள். அந்தச் செருப்பில் வாரே கிடையாது அக்கா. நான் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். மூன்று நிமிஷம். அடுத்து ஓர் அறிவிப்புப் பலகை. அதன் கட்டையில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் படித்தாள். பலகையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. நான்கு நிமிஷம். அதன் பிறகு கால்வாய்க்கு மேலே ஒரு சின்னப் பாலம். அதற்கு ஏறும் மேடு எனக்கு மேடு என்றே தெரிந்திருக்கவில்லை. முந்தின நாள்தான் அதில் ஓடி ஏறியிருந்தேன். பாலத்து நடுவில் அம்மா எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் தோளைப் பிடித்திருந்த கை ஐஸாக இருந்தது, ஆனால் நெற்றியெல்லாம் வியர்வை. அந்தச் சின்ன விளக்கு வெளிச்சத்தில் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குப் புரியும். பன்னிரண்டு நிமிஷம் அங்கேயே இருந்தோம்.

பாலத்திலிருந்து பார்த்தால் பெரிய வாசல் தெரியும். பஸ் வந்து நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள், போய்விட்டது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் வாசலைச் சேர்ந்தபோது ஐந்து முப்பத்தொன்பது. மொத்தம் முப்பத்து நான்கு நிமிஷம்.

"பதிமூணுன்னு போடு" என்றாள். "உங்கப்பாவோட பதினொண்ணு. நான் ரெண்டு நிமிஷம் கூட. யாருக்கும் சந்தேகம் வராது." நான் முடியாது என்றேன். "புது இடம்டி, பழகிடும். ஒரு வாரம் நடந்தா காலு தானா கேட்கும்" என்றாள். அப்புறம் என் முழங்கையைத் தடவினாள், சாலையில் பைக்கில் வந்தவன் இடித்து உடைந்த இடத்தை. "நீ ரோட்டைக் கடக்காம ஸ்கூலுக்குப் போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். என் கை உடைந்ததிலிருந்து நான் வீடு திரும்பும் வரை சலவைக்கூடத்தில் யாரிடமாவது மணி கேட்டுக்கொண்டே இருப்பாளாம். அவளோடு வேலை செய்யும் ஓர் அக்கா சொன்னார்கள்.

அவள் முகம் துடைக்கத் துண்டு எடுக்க நான் பையில் கை விட்டபோதுதான் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு சீட்டு கிடைத்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அவள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறாள். மேடு ஏறக் கூடாது, அதிக தூரம் நடக்கக் கூடாது, இதயப் பிரிவில் எக்கோ எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கீழே இருந்த வரி எனக்குப் புரியவில்லை, டாக்டர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். கேட்டதற்கு, குடி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சீட்டை வாங்கி மறுபடியும் டப்பாவுக்கு அடியிலேயே வைத்துவிட்டாள்.

அக்கா, இப்போது நான் சொல்லப் போவதுதான் கஷ்டமானது. அம்மா சொன்னாள் என்பதற்காக மட்டும் நான் பதின்மூன்று என்று எழுதவில்லை. எனக்கும் அந்த இடம் வேண்டும். பள்ளிக்குப் போகும் பாதை முழுக்க மரம், நடுவில் ஒரு நூலகம், அதற்குக் கதவு கண்ணாடி. அங்கே போனதிலிருந்து இங்கே சாலை ஓரத்தில் நின்று லாரி போகட்டும் போகட்டும் என்று காத்திருக்கும்போது எனக்கு அழுகை வருகிறது. அதனால் வேறொரு ஷீட் எடுத்து, நின்ற இடம் என்ற கட்டத்தில் கோடு இழுத்து, பதின்மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அப்பா அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டார். "பதிமூணா? இந்தச் சுமையோடயா? என் பொண்டாட்டி பாயிண்ட் டு பாயிண்ட் எக்ஸ்பிரஸ்" என்றார். ஒரு வாரமாக அம்மாவை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுகிறார். "எக்ஸ்பிரஸ், தண்ணி கொண்டா", "எக்ஸ்பிரஸ் இன்னைக்கு லேட்டா". ஒவ்வொரு தடவையும் அம்மா சிரிக்கிறாள். சிரித்துவிட்டு என்னைப் பார்க்காமல் அடுப்பு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

பிரேக் பார்க்காமலே பார்த்ததாக எழுதிய அந்த மெக்கானிக் மாமா கதை உனக்கு நினைவிருக்கும். பத்து வருஷச் சிநேகிதம், ஒரே நாளில் முடிந்தது. "ஷீட்ல பொய் எழுதறவன் கையால பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்று அப்பா சொன்னபோது நாம் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால்தான் நின்றோம். இந்த வாரம் முழுக்க டூட்டி முடிந்து வரும்போது அவருக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு சாயங்காலமும் முழுவதையும் குடித்துவிட்டுச் சொம்பைத் தருகிறார்.

ஒன்று மட்டும் செய்யவில்லை. அந்தப் பொய் ஷீட்டில் கண்டக்டர் கையெழுத்து இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை வைத்தேன், முடியவில்லை. சந்தோஷத்தில் அப்பா அதைக் கவனிக்கவில்லை.

உண்மையான ஷீட்டைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். நீ படிக்கும் முதல் தாள் அதன் பின்பக்கம்தான். இப்போது திருப்பிப் பார். பெஞ்சு, பலகை, பாலம், மூன்றும் இருக்கிறது, நிமிஷத்தோடு.

அந்த இடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய வாசலை ஒட்டி முதல் வரிசையில் இதே அளவு வீடு ஒன்று இன்னும் காலியாக இருக்கிறது. அங்கிருந்து பஸ் நிற்கும் இடம் எதிரேதான், அம்மாகூட இரண்டு நிமிஷத்தில் போய்விடலாம், மேடும் இல்லை. எனக்குப் பள்ளி பதினைந்து நிமிஷம் ஆகும், ஆகட்டுமே. ஆனால் அங்கே பஸ் சத்தம் கேட்கும் என்று அப்பா முதல் நாளே அதை ஒதுக்கிவிட்டார். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வீடு மாற்றித் தர மாட்டார்களாம், அந்த அலுவலகப் பெண் இரண்டு தடவை சொன்னாள். அப்பாவுக்கு அந்த அமைதி எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதையும் நான்தான் கெடுக்கப் போகிறேன். ஒருவேளை கோபத்தில் எதுவுமே வேண்டாம் என்று இந்த வீட்டிலேயே இருந்துவிட்டால், இருக்கட்டும். நான் பார்த்துத்தான் சாலையைக் கடப்பேன். என் முழங்கை இன்னொரு தடவை உடைந்தாலும் ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்குள் இருப்பது எலும்பு இல்லையே.

நீ எட்டு மணிக்கு அப்பாவுக்குப் போன் போடு. சீட்டைப் பற்றிச் சொல்லாதே, அம்மா என்னை நம்பித்தான் அதைத் திரும்ப வைத்தாள். நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. முடிந்தால் சொல்லாதே. கையெழுத்துப் போடும் முன்னால் அம்மாவோடு அந்தப் பாதையில் ஒரே ஒரு தடவை நடக்கச் சொல். பை தோளில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல். அவ்வளவு போதும். அப்பா முதல் பெஞ்சிலேயே கண்டுபிடித்துவிடுவார். வண்டி ஏறி உட்கார்ந்ததும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிறவர், இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கும் ஆளின் மூச்சு எப்படி அவருக்குக் கேட்காமல் போனது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டிருந்தால் அவர் எந்த வீடும் பார்த்திருக்க மாட்டார்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் அக்கா. நீ வகுப்புக்குப் போகும் அவசரத்தில் சீருடைப் பாக்கெட்டில் கை விட மறந்துவிடாதே. நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் படி, சீக்கிரம் நர்ஸ் ஆகி வந்து

ஒரு தட்டு. குழாயை நிறுத்திவிட்டேன். இன்னொன்று வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அப்பாதான். "கண்டக்டர், அம்மா ஷீட்ல உன் கையெழுத்தக் காணோமே. பேனாவோட வெளிய வா" என்கிறார். பின்னால் அம்மா, காலையில் போட்டுக்கலாம் விடுங்க என்கிறாள். பேனா என் கையில்தான் இருக்கிறது அக்கா, உண்மையான ஷீட்டும் மடியில்தான்