கருப்புத் திரையில் நான்கு வரி

அன்பு மகன் பர்னபாஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் தயவில் சுகம், மாடித் தண்ணீர் டேங்க் மட்டும் ஒழுகுகிறது. டப்ளினில் நீயும் ராதிகாவும் சுகமா, ஸ்வீட்டிக்கு இருமல் விட்டதா? போன் இருக்கும்போது அம்மா ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று சிரிக்காதே. போனில் பேசினால் அப்பா அடுத்த அறையில் இருந்தாலும் ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டுவிடுவார், அவர் காது அவ்வளவு சுத்தம். இதைப் பக்கத்து வீட்டு வின்னியிடம் கொடுத்துவிடுவேன், அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

முதலில் நல்ல செய்தி, கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டதன் முழுக் கதை. போன வார ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனதே, அதற்குக் காரணம் கரண்ட் ஆபீஸ்காரர்கள் இல்லை, உன் அப்பாதான். ஃபேக்டரியில் மெயின்டனன்ஸில் இருந்த பழக்கம் உனக்குத் தெரியும். கரண்ட் போனால் முதல் காரியமாக மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கிவிடுமாம். நம் வீட்டில் ஓடுவதற்கு ஒரு மிக்சியும் இரண்டு ஃபேனும்தான் இருக்கின்றன, ஆனாலும் அன்றைக்கும் எழுந்துபோய் மெயினை இறக்கிவிட்டு வந்து, யுபிஎஸ் தயவில் பேத்தியோடு பேச உட்கார்ந்துவிட்டார். கரண்ட் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. தெருவெல்லாம் வெளிச்சம், நாங்கள் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன இவ்வளவு நேரம் என்று சலித்துக்கொண்டிருந்தோம். யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது, கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. வின்னி வந்து உங்கள் வீட்டில் மட்டும் ஏன் இருட்டு என்று கேட்ட பிறகுதான் அப்பாவுக்கு மெயின் நினைவு வந்தது. சந்தடி இல்லாமல் போய் ஏற்றிவிட்டு, லைனில் ஏதோ கோளாறு என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. நீ போனில் கேட்கக் கேட்க அவர் சொன்ன பதில் உனக்கே தெரியும். பெட்டியில் விளக்கு எரிகிறதா, எரிகிறது. உள்ளே ஃபேன் சுற்றுகிறதா, சுற்றுகிறது. திரையில் என்ன இருக்கிறது என்றால், “வெறும் கருப்பா கீதுப்பா, ஒண்ணுமே இல்ல” என்றார். நீயும் அதை நம்பி வயரை மாற்று, மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டு என்று சொல்ல, வாரம் முழுக்க அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஆர்ப்பாட்டம். துடைப்பத்தோடு போனால்கூட மெஷின் திறந்திருக்கிறது, தள்ளிப் போ என்று விரட்டினார். கடைசியில் மானிட்டர்தான் போயிருக்கும் என்று நீ சொன்னதும், புதிது விசாரிக்க ராபர்ட்சன்பேட்டைக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நான் தூசி தட்டுகிற சாக்கில் கிட்டே போனேன். வெறும் கருப்பு இல்லை பர்னபாஸ். பொடிப் பொடியாக வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் நான்கு வரி இருந்தது. தேதியும் நேரமும் அதற்கு மறந்துவிட்டதாம், மேலே போக எஃப் ஒன் பட்டனை அழுத்த வேண்டுமாம். எழுத்துக்கூட்டிப் படித்து அழுத்தினேன், கொஞ்சம் முனகிவிட்டு உயிர் வந்துவிட்டது. வின்னி விசாரித்துச் சொன்னாள், உள்ளே கைக்கடிகாரத்துக்குப் போடுவது போல ஒரு வட்ட பேட்டரி இருக்கிறதாம், அது தீர்ந்துபோனதால் மெயினை இறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு மறதி வந்துவிடுமாம். அதையும் மாற்றியாயிற்று.

ஜெயித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வாரம் முழுக்கத் திரைக்கு நேரே உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று சொன்ன மனிதர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவே இல்லை. போனில் உன்னோடு பேசாமல் பெரிய திரைதான் வேண்டும் என்று அடம் பிடித்ததும் இதனால்தான், நான் வீண் ஜம்பம் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் கேட்டேன், கண்ணாடி அழுக்கு என்றார். டாக்டரிடம் காட்டலாம் என்றதற்கு மூக்குக்கு மேல் கோபம், கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று சோறு தின்னாமல் எழுந்துவிட்டார்.

நேற்று நாம் பேசினோமே, ஸ்வீட்டி வாயைத் திறந்து பல் விழுந்த இடத்தைக் காட்டினாளே, எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது அப்பாதான். நீ வைத்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. உட்கார்ந்தபடியே என்னிடம் கேட்டார், “புள்ளைக்கு எந்தப் பக்கம் பல்லு போச்சு? எனக்குத் தெரியல மே.” இடது பக்கம், முன்பல் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். இன்று காலை அவரே வந்து, கோலாருக்கு எந்த பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாம் என்று கேட்டார். வியாழக்கிழமை ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கண்புரையாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன், வேறு எதுவாகவும் இருக்கக்கூடாது என்று ஜெபம் செய். லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, வின்னி துணைக்கு வருகிறாள்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்மணி போலக் காக்கட்டும். ராதிகாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், குளிரில் குழந்தைக்குக் காதை மூடு. நான் எழுதியதை அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவரே உன்னிடம் சொல்லட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்டி தாத்தாவிடம் எதைக் காட்டினாலும், அது என்ன, என்ன நிறம், எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே காட்டச் சொல். விளையாட்டு என்று சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அம்மா