மூன்று நாளைக்குப் புளிக்காய்ச்சல்

ஐப்பசி 9, வியாழன். கரமனை.

காலையில் பி.ஏ. வகுப்பில் ஐரோப்பாவின் வெளியுறவுக் கொள்கை எடுத்தேன். அமெரிக்கா கைவிட்டால் ரஷ்ய எல்லையில் இருக்கிற சின்ன நாடுகளுக்கு உதவ யார் வருவார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். மணி அடித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன்.

சாயந்திரம், ரஷ்யாவை ஒட்டியிருக்கிற லாட்வியாவில் மருத்துவம் படிக்கிற என் பெண் வித்யா கூப்பிட்டாள்.

"அம்மா, புளிக்காச்சல் ஃபிரிட்ஜ் இல்லாம எத்தன நாள் தாங்கும்?"

சமையல் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பெருமை. "எண்ணெய் மேல நின்னா ஒரு மாசம் தாங்கும்டி. ஈரக் கரண்டி மட்டும் போடாதே."

"மூணு நாள் போறும்மா. யுத்தம் வந்தா என்ன பண்ணணும்னு கவர்மெண்ட் புக்லெட் குடுத்திருக்கா. கரண்ட், தண்ணி ஒண்ணும் இருக்காதாம். மூணு நாள் சமாளிச்சுண்டா உதவி வந்துடுமாம்."

கரண்ட் இல்லாமல் சாதம் எப்படி வடிப்பாள்? பிடித்து வைத்த தண்ணீரில் அவலை நனைத்துப் பிசைந்துகொள் என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யார் வருவான்னு போட்டிருக்கா?"

"அது போடலம்மா."

நாளைக்கு முதல் பீரியட் அதே வகுப்பு.