எடை குறைந்த பின்கண்ணாடியும் மதினியின் பரீட்சையும்

என் பிரியமுள்ள பிடிவாதக்கார அண்ணனுக்கு,

நீ போய் ஆறு மாதமாகிவிட்டது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். ஒரே வீட்டில் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டோம். இங்கே பிஸ்கட்டவே ஊரில் பனியெல்லாம் உருகிவிட்டது. உன் கார் பத்திரமாக இருக்கிறது. நீ முதலில் அதைத்தான் கேட்பாய், மதினியையும் என்னையும் அதற்குப் பிறகுதான் விசாரிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபரில், நீ மேசையிலேயே சரிந்துவிட்டாய் என்று உன் அலுவலகத்திலிருந்து அந்த ஃபோன் வந்தது. மறு வாரமே கம்பெனி கொடுத்திருந்த பெரிய காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டே சீட் உள்ள உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். அதை ரேஸில் ஓட்டிய பழைய சொந்தக்காரன் எடையைக் குறைப்பதற்காகப் பின்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெல்லிய பிளாஸ்டிக்கைப் பொருத்தியிருந்தான். அந்தப் பெருமையை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்? அப்புறம் முந்தின வருஷம் பனிக்காலம் வந்ததும், வண்டியின் பின்பக்கம் லேசாக இருப்பதால் வழுக்குகிறது என்று நீயே இரண்டு அரிசி மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டாய். எம்.எஸ். படித்த என்ஜினீயர் செய்கிற காரியமா இது என்று நானும் மதினியும் சிரிக்காத நாள் இல்லை.

நீ போனபிறகு எல்லோரும் அதை விற்கத்தான் சொன்னார்கள். சர்ச்சில் பார்க்கும்போதெல்லாம் டேவிட் அங்கிள், "அந்த வண்டிய வித்துட்டு சேஃபா ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கும்மா" என்பார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். மதினியோ வீட்டைவிட்டு இறங்கும்போது கார் நிற்கிற பக்கம் பார்க்காமல் நடப்பாள்.

பாளையங்கோட்டையிலிருந்து மதினியின் அப்பா மாதம் இரண்டு கடிதம் எழுதினார், வந்துவிடு, வந்துவிடு என்று. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள். "நர்சிங் லைசென்ஸுக்கு ஒரு தடவ எழுதிப் பாக்கேன். பாஸாகலன்னா ஊருக்குப் போயிருதேன்." நான் "சரி மதினி" என்றேன். நீங்களும் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பது நம் வீட்டு வியாதி, இல்லையா?

பரீட்சை பிப்ரவரியில். அன்று காலை எழுந்து பார்த்தால் முழங்கால் வரை பனி, அதன்மேல் ஐஸ் மழை. எட்டு மணிக்குப் பரீட்சை ஹால் கதவைச் சாத்திவிடுவார்கள், போய்ச்சேர ஒரு மணிநேரம் ஆகும். டாக்ஸிக்கு ஃபோன் பண்ணினால் ஒருவனும் வரத் தயாராக இல்லை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஐஸ் சுரண்டுகிற கட்டை கம்பெனிக் காரோடு போய்விட்டது. உள்ளே ஓடித் தோசைத்திருப்பியை எடுத்துவந்தேன். முன்கண்ணாடியில் ஐஸ் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அதே உற்சாகத்தில் பின்னால் போய் இன்னும் பலமாகச் சுரண்டினேன்.

ஐஸ் வந்தது. கூடவே பிளாஸ்டிக்கும் வந்தது. நீ அதை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்ததையெல்லாம் நான் வெறும் கொஞ்சல் என்று நினைத்திருந்தேன், அண்ணா. ஐந்து நிமிடத்தில் பின்பக்கம் முழுவதும் கீறி வெளுத்து, அந்தப்பக்கம் ஒன்றுமே தெரியாமல் போய்விட்டது.

மதினி பையோடு வெளியே வந்தாள். "என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

"ஐஸத்தான் சுரண்டினேன் மதினி."

"அது கண்ணாடி இல்லட்டி, பிளாஸ்டிக்கு. உங்க அண்ணன் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பரீட்சையை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மதினி கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் அதை நேராகப் பார்த்தாள். அப்புறம் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "எடு வண்டிய. பின்னால நான் பாக்கேன்."

என் பக்கம் கதவில் பின்னால் வருவதைக் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அவள் பக்கம் அதுவும் கிடையாது. ஆகவே வலதுபக்கத்துக்கு மதினியே கண்ணாடியானாள். ஜன்னலை இறக்கி, சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "ட்ரக் ஒண்ணு வருது, பொறு. போகட்டும். ம், இப்ப மாறு." நடுநடுவே மருந்து அளவுகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். புருவமெல்லாம் பனி.

ஹைவேயில் ஏறுகிற வளைவில் வண்டியின் பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நேரானது. திடீரென்று மதினி சிரிக்க ஆரம்பித்தாள். "அரிசி பத்தலட்டி. இன்னும் ஒரு மூட்டை போட்டிருக்கணும்." நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். எனக்கும் சிரிப்பு வந்தது, பயத்தோடு சேர்ந்து.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஈரத்தலையோடு ஹாலுக்குள் ஓடினாள். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஆசைதீர அழுதேன். உன் மேலும் கோபம்தான். நீயல்லவா அவளைக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும்?

போன வியாழக்கிழமை கவர் வந்தது. தபால் பெட்டியிலிருந்து மதினி எடுப்பதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிரித்துப் படித்தாள். வீட்டுக்குள் வரவில்லை. நேரே உன் காரைத் திறந்து நீ உட்காரும் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். உள்ளே அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தட்டினேன். ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கிக் காகிதத்தை நீட்டினாள். பாஸ்.

"எங்கிட்ட சொல்லாம இங்க வந்து உக்காந்துட்டீங்களே மதினி" என்றேன்.

"கொஞ்சம் பொறுட்டி. இன்னும் அவங்ககிட்ட சொல்லி முடிக்கல."

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். உன்னிடம் அவ்வளவு நேரம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

ஜூனில் வேலையில் சேருகிறாள். டேவிட் அங்கிளிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பின்னால் நிஜக் கண்ணாடியே போடப்போகிறோம். கனம் கூடும், கோபித்துக்கொள்ளாதே. அடுத்த பனி விழுவதற்குள் மதினி இந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள், அதற்கு நான் பொறுப்பு. மதினியை நான் பார்த்துக்கொள்கிறேன், அண்ணா. என்னை அவள் பார்த்துக்கொள்கிறாள். நீ நிம்மதியாக இரு.

உனக்குத் தங்கையாகப் பிறந்து,
மதினிக்கும் தங்கையாகிவிட்ட,
கிரேஸ்